கற்பனைக் கிராமமும் நெற்களமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1850 வாக்கில் காவிரிப் படுகையில் இருந்த ஒரு கிராமத்தை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியுலகை எதற்கும் எதிர்பாராமல், அவரவர் தொழிலை அவரவர் செய்து, ஒற்றுமையாக வாழ்ந்த ஊர் அது. பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம் விவரிக்கும், ஒரே நம்பிக்கையால் பிணைக்கப்பட்ட மரபுச் சமூகத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. இப்படிக் கோட்பாட்டோடு ஒப்பிடுவது நாவலுக்கு உதவுமா?

க., கும்பகோணம்

அன்புள்ள க.,

உதவும். ஆனால் பொருத்தத்தையே நீங்கள் சான்றாக எடுத்துக்கொள்வது எனக்குக் கவலை தருகிறது. தன்னிறைவான கிராமம் என்ற சித்திரம் நம் பாட்டன்மாரிடமிருந்து மட்டும் நமக்கு வந்ததல்ல. இந்தியக் கிராமங்கள் தமக்கு வேண்டிய ஏறக்குறைய அனைத்தையும் தமக்குள்ளேயே கொண்ட சிறு குடியரசுகள் என்று 1830இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சார்லஸ் மெட்காஃப் எழுதினார். நிலவரியை எவ்வாறு விதிப்பது என்ற கம்பெனி ஆட்சியின் விவாதத்தில் எழுந்த வாக்கியம் அது. நம் தேசியவாதிகள் பலர் அச்சித்திரத்தைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டார்கள். அம்பேத்கரோ 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் மெட்காஃபின் வரிகளையே எடுத்துக்காட்டி, அந்தக் கிராமம் குறுகிய மனப்பான்மையும் அறியாமையும் நிறைந்த இடம் என்று மறுத்தார். உங்கள் நாவல் இவ்விரண்டில் எதன் பக்கம் நிற்கிறது என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும்.

துர்கைமை இன்னும் சற்று ஆழமாகப் படியுங்கள். வேலைப் பிரிவினை பற்றி அவர் 1893இல் வெளியிட்ட நூலில், எளிய சமூகங்களை இணைப்பது மனிதர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதே என்கிறார். உங்கள் ஊரிலோ தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், பண்ணையாள் என்று வேலைகள் பிரிந்து கிடக்கின்றன. யாரும் யாரையும் ஒத்திருக்கவில்லை. சரி, ஒருவர் உழைப்பை ஒருவர் சார்ந்திருப்பதால் வரும் இணைப்பு என்று கொள்ளலாமா என்றால், அதற்கும் விரும்பிய தொழிலைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு வேண்டும். அதே நூலின் இறுதிப் பகுதியில் துர்கைம் வலிந்து திணிக்கப்பட்ட வேலைப் பிரிவினை என்ற ஒன்றைப் பேசுகிறார். சாதியமைப்பையும் அங்கேதான் குறிப்பிடுகிறார். நீங்கள் விட்டுவிட்ட அந்தப் பக்கங்களில்தான் உங்கள் ஊர் இருக்கிறது.

ஆகவே கோட்பாட்டை அச்சாக வைத்து ஊரை வார்க்காமல், அதைக் கேள்வியாக்கி நெற்களத்துக்குக் கொண்டுபோங்கள். களத்தில் குவிந்த நெற்பொலியை அளக்கும் மரக்கால் யாருடையது? மிராசுதாரின் பங்கு வண்டியேறும் முன் யார் யாருக்கு அளக்கப்படுகிறது, எந்த வரிசையில்? அளந்து முடிந்தபின் தரையோடு கிடக்கும் கருக்காயை, அதாவது மணி பிடிக்காத நெல்லைக் கூட்டி அள்ளிக்கொள்ளும் உரிமை யாருக்கு? மடை திறக்கும் ஆள் கோபித்துக்கொண்டால் என்ன ஆகும்? இவற்றுக்கு விடை எழுதத் தொடங்கினால் ஒற்றுமை என்ற சொல் அப்படியே நிற்காது. யாருடைய பணிவால் அந்த ஒற்றுமை நீடித்தது என்பதும் கதைக்குள் வந்துவிடும். பண்ணையாளின் குடிசையிலிருந்து ஓர் அத்தியாயம்கூட இல்லாத 1850இன் தஞ்சை நாவலை என்னால் நம்பவே முடியாது.

வெளியுலகை எதிர்பாராத ஊர் என்பதையும் கைவிட வேண்டும். உப்பும் இரும்பும் வயலில் விளைவதில்லை. அடிமை உடைமையைச் சட்டப்படி செல்லாததாக்கிய ஐந்தாம் சட்டம் 1843இலேயே வந்துவிட்டது. ஆனாலும் கடன் பலரைப் பண்ணையிலேயே கட்டிவைத்தது. நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவின் பினாங்குக்குக் கூலிகள் கப்பலேறிய காலமும் அதுதான். உங்கள் ஊரிலிருந்தும் ஒருவர் அப்படிப் போயிருக்கலாம்; அவருடைய வேலையை மறுநாள் யார் செய்தார் என்பதை எழுதுங்கள்.