ஸ்பைக் ஜோன்ஸின் இரைச்சல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழைய அமெரிக்க இசைத்தட்டுகள் பற்றி எழுதுகையில் ஸ்பைக் ஜோன்ஸைப் பாராட்டியிருந்தீர்கள். தேடிப்பிடித்துக் கேட்டேன். துப்பாக்கிச் சத்தமும் விக்கலும் மாட்டுமணியும்தான் காதில் விழுந்தன. இசை தெரியாதவர்களின் கூத்து என்றே தோன்றுகிறது. என் காது சரியில்லையா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காதில் குறையில்லை, அவசரப்பட்டுவிட்டீர்கள். 1911-இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் பிறந்த ஜோன்ஸ், தேர்ந்த டிரம்ஸ் கலைஞர். பாடகர் பிங் கிராஸ்பி 1942-இல் 'ஒயிட் கிறிஸ்மஸ்' பாடிப் பதிவு செய்தபோது பின்னணி இசைத்த ஜான் ஸ்காட் டிராட்டர் குழுவில் அவர் இருந்தார். அங்கே அடக்கி வாசித்த கைதான், பிரபலமான பாட்டுகளைக் கேலி செய்து வாசித்த 'சிட்டி ஸ்லிக்கர்ஸ்' என்ற தன் சொந்தக் குழுவில் மாட்டுமணிகளைச் சுருதிவாரியாக வரிசையில் கட்டி அடித்தது.

'காக்டெயில்ஸ் ஃபார் டூ' என்ற பதிவை மறுபடி, இம்முறை விரலால் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். தொடக்கத்தில் சேர்ந்திசைக் குரல்கள் தேவாலயத்தில் பாடுவதுபோல இழைகின்றன. கேலி எங்கே என்று நாம் தேடத் தொடங்கும் நேரத்தில் எல்லாம் வெடித்துச் சிதறுகிறது. ஆனால் அந்த அமளியில் ஒரு விக்கல்கூடத் தாளம் தப்பி விழுவதில்லை. நம் கச்சேரிகளில் தனியாவர்த்தனம் கேட்டுப் பழகியவருக்கு இது எவ்வளவு கடினம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹிட்லரைக் கேலி செய்த 1942-ஆம் ஆண்டு இசைத்தட்டால் அவர் நாடறிந்தவரானார். பிறகு வானொலி, ஊர் ஊராக மேடைநிகழ்ச்சி, தொலைக்காட்சி என்று வாழ்க்கை ஓடியது. முன்பற்கள் இரண்டை கிறிஸ்மஸ் பரிசாகக் கேட்கும் குழந்தையின் பாட்டு 1948-இல் வெளிவந்து பட்டியலின் முதலிடத்தை எட்டியது. குழந்தையாகப் பாடியவர், குழுவில் டிரம்பெட் வாசித்த ஜார்ஜ் ராக் என்ற பெரிய உருவமுள்ள மனிதர்.

ஐம்பதுகளின் நடுவில் அவருடைய செல்வாக்கு சரிந்ததற்கு மக்களின் ரசனை உயர்ந்தது காரணமல்ல என்பது என் எண்ணம். மிடுக்காக உடுத்தி வந்து உருகிப் பாடும் பாட்டு இருந்தால்தானே அதன் வேட்டியை உருவ முடியும்? ராக் அண்ட் ரோல் ஏற்கெனவே சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் மேடையேறியது. ஓயாமல் சிகரெட் பிடித்த ஜோன்ஸ் 1965-இல், 53 வயதில், நுரையீரல் நோயால் இறந்தார்.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளன்