வீட்டில் சிவப்புச் சாயம் அடித்தேன், வேர்ப்பகுதி மட்டும் பளிச்சென்று ஆரஞ்சாகிவிட்டது. எப்படிச் சரிசெய்வது?

இது பெரும்பாலும் உச்சந்தலைச் சூட்டின் வேலை. அந்தச் சூட்டில் வேர்ப்பகுதியில் சாயம் வேகமாக வேலை செய்யும். கருமுடி வெளுக்கும்போது அடியில் இருக்கும் ஆரஞ்சு எட்டிப்பார்க்கும்.

நீலம் ஆரஞ்சை அடக்கும் என்பது உண்மைதான். அதற்காக நீல ஷாம்பூவைத் தலை முழுக்கப் பூசாதீர்கள். ஆசைப்பட்ட சிவப்பும் மங்கிப் பழுப்பாகிவிடும். ஆரஞ்சான இடத்தில் மட்டும், ஒரு படி அடர்ந்த, ஊதா கலந்த சிவப்பில் அம்மோனியா இல்லாத தற்காலிகச் சாயம் போதும். முதலில் உள்பக்கம் ஒரு கற்றையில் போட்டுப் பாருங்கள். மறுபடி ப்ளீச் மட்டும் வேண்டாம், முடி பாவம்.

அடுத்த முறை நீளத்துக்கு முதலில் பூசி, வேருக்குக் கடைசியில் வாருங்கள்.

அப்புறம், பூசியது சுத்தமான மருதாணி என்றால் இரண்டு மூன்று நாள் சும்மா இருங்கள். காற்றுப் பட்டு அந்த ஆரஞ்சு தானாகவே அடர்ந்துவிடும்.