பால் திரிந்துபோன உருளைக்கிழங்கு கிராட்டன்

க்ரீமுக்குப் பதில் கொழுப்பு நீக்கிய பாலை ஊற்றியதும் கிராட்டன் (உருளைக்கிழங்குத் துண்டுகளை க்ரீமில் ஊறவைத்து ஓவனில் சுட்டெடுக்கும் பிரெஞ்சு உணவு) திரிந்து, அடியில் தண்ணீர் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். க்ரீமில் உள்ள கொழுப்புதான் பால் புரதம் திரளாமல் காக்கிறது. அது இல்லாமல் ஓவனில் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால் திரியத்தான் செய்யும்.

கொழுப்பு நிறைந்த பாலுக்கு மாறுங்கள். அதுவும் க்ரீமைவிட எவ்வளவோ இலேசானது. முக்கால் கிலோ கிழங்குக்கு அரை லிட்டர் போதும். புதுக்கிழங்கில் மாவு குறைவு, பழையதாக எடுங்கள். மெல்லியதாகச் சீவிய துண்டுகளைத் தயவுசெய்து அலசாதீர்கள். பாலைக் கெட்டியாக்குவதே அந்த மாவுச்சத்துதான். நசுக்கிய பூண்டு, தைம் என்னும் மூலிகை இலை, உப்பு, துளி ஜாதிக்காய்த் தூள் சேர்த்து, துண்டுகளைப் பாலிலேயே சிறு தீயில் 10 நிமிடம் வேகவிடுங்கள். அடிப்பிடிக்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். பால் கஞ்சிப் பதத்துக்கு வந்ததும் ஓவன் தட்டில் பரப்பி, ஓவனில் 160 டிகிரியில் முக்கால் மணி நேரம் வையுங்கள். வெளியே எடுத்துக் கால் மணி நேரம் ஆறினால்தான் இறுகும். அவசரப்பட்டு வெட்டினால் மறுபடியும் குளம்தான்.

பார்ஸ்லி இலையைக் கடைசியில் தூவுங்கள், ஓவனில் கருகிவிடும். சீஸ் இல்லாமல் செய்யலாமா என்று கேட்டீர்களே, தாராளமாக. பிரான்ஸின் தோஃபினே பகுதியின் பழைய முறையில் சீஸ் கிடையாது.