காமிக்ஸில் பெண்களைக் காட்டும் விதம் பெண் வாசகர்களைக் குறைக்கிறதா?

குறைக்கிறது என்றுதான் சொல்வேன். காட்பாடியில் எங்கள் தெரு வாடகை நூலகத்தில் காமிக்ஸ் வந்தால் நானும் அக்காவும் அடித்துக்கொள்வோம். ஒருநாள் அக்கா ஒரு பக்கத்தைக் காட்டி, "இந்தப் பொண்ணு கத்துறதத் தவிர வேற என்னடி செய்றா?" என்றாள். அப்புறம் அவள் காமிக்ஸ் எடுக்கவே இல்லை. கடத்தப்படவும் காப்பாற்றப்படவும் மட்டுமே ஒருத்தி வந்தால், படிக்கிற பெண் யாரோடு ஒட்டுவாள்?

ஆனால் எல்லாக் காமிக்ஸும் அப்படி இல்லை. 1984இல் லயன் காமிக்ஸ் என்ற தமிழ்க் காமிக்ஸ் வரிசையின் முதல் இதழே மாடஸ்டி பிளைசி என்ற நாயகியோடுதான் வந்தது. திட்டம் போடுவதும் முன்னால் நின்று மோதுவதும் அவள். தோழன் கார்வின் அவள் பேச்சைக் கேட்பவன். என்னைக் காமிக்ஸில் தக்கவைத்தது அவள்தான்.

நாயகி இருந்தால் மட்டும் சரியாகிவிடாது. உடம்பைக் காட்டவே வரைந்த அட்டை என்றால், கடைக்காரரிடம் கேட்கக் கூசி வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.