தடுக்கக்கூடிய புற்றுநோய்களைக் குறைப்பதில் யாருடைய பங்கு பெரிது?

தனிமனிதர், சமூகம், அரசு ஆகிய மூவரில் யார் முதலில் மாறவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்தவள் என்ற முறையில், எங்கள் மலையில் கண்டதை வைத்தே பதில் சொல்கிறேன்.

என் அத்தை பழம் பறிக்கப் போகும் நாட்களில், காலையில் வெற்றிலையோடு புகையிலையைக் கிள்ளிக் கொடுப்பில் அடக்கினால் மதியம்வரை எடுக்கமாட்டார். குளிருக்கு இதம், பசியும் தெரியாது என்பார். கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு படிந்து, குழம்பின் காரம் பட்டாலே எரியத் தொடங்கி ஓராண்டு ஆன பிறகுதான் வத்தலக்குண்டுக்கு இறங்கிக் காட்டினார். இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனமில்லை. பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி, சோதனை முடிவை வாங்க இன்னொரு நாள் கூலி என்று கணக்குப் பார்த்தே தள்ளிப்போட்டார். நல்லவேளையாக அது புற்றாகியிருக்கவில்லை. புகையிலையை விட்டார், பாக்கை விடவில்லை. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. ஆனால் தாம்பூலத்தட்டு இல்லாத விசேஷமே இல்லாத ஊரில் அதை யாரிடம் எடுத்துச் சொல்வது?

ஆகவே, சோதனை ஊரைத் தேடி வரவேண்டும் என்பதே என் கருத்து. இதற்கான சான்று எங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய் குறித்து 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வில், 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தனர்; மாறுதலடைந்த திசு ஓரிரு நிமிடத்தில் வெளுத்துக் காட்டிவிடுவதால், முடிவுக்காக மறுபடியும் வரவேண்டியதில்லை. ஒரே முறை செய்த அந்தச் சோதனையும் அதையொட்டிய சிகிச்சையும், சோதனை நடக்காத ஊராட்சிகளோடு ஒப்பிடுகையில், கருப்பைவாய்ப் புற்றுநோயை 25 விழுக்காடும் அதனால் நேரும் இறப்பை 35 விழுக்காடும் குறைத்ததாக 2007-இல் முடிவு வெளியானது.

அந்நோயை உண்டாக்கும் எச்பிவி என்ற வைரசுக்கு எதிரான தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் போடுவதே சிறந்தது என்பதால், அதற்குப் பள்ளிக்கூடமே ஏற்ற இடம். குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருக்கிறது. பெட்டிக்கடைப் புகையிலை மட்டும் எங்கும் போய்விடவில்லை.

சென்ற ஆண்டு பறிப்பு முடிந்த கையோடு, பழம் எடைபோடும் களத்துக்கே செவிலியர்கள் வந்து வாய்ப் பரிசோதனை செய்தார்கள். வரிசையில் முதலாவதாக நின்றவர் அத்தைதான். பாக்கைத் துப்பி வாய் கொப்பளித்துவிட்டு வரும்படி அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.