முன்பணத்தில் முதல் வீடு: எத்தனை வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கிறது?

கேள்வி: என் வீட்டுக்காரர் ராணுவத்தில் நாயக் (சிப்பாய்க்கு அடுத்த பதவி). 20 வயதில் சேர்ந்தார், 11 வருஷ சர்வீஸ் முடிந்துவிட்டது. இப்போது அசாமில் இருக்கிறார். நானும் இரண்டு பிள்ளைகளும் ராமநாதபுரத்தில் மூன்று லட்சத்துக்கு ஒத்தி வீட்டில் இருக்கிறோம். பெரியவளுக்கு ஏழு வயது. பிரிட்டன் ராணுவத்தில் வீடு வாங்கச் சம்பள முன்பணம் வட்டியில்லாமல் தருகிறார்களாம். அந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து, "நமக்கும் அட்வான்ஸ் உண்டு, போட்டு வாங்கிவிடலாம்" என்கிறார். தேவிபட்டினம் பக்கம் கடலைப் பார்த்தபடி 5 சென்ட் மனை ஒன்றைப் புரோக்கர் காட்டினார். மாமனார் ஊரில் தன் இடத்திலேயே கட்டச் சொல்கிறார். போன வருஷம் அக்னிவீரராகச் சேர்ந்த கொழுந்தனும் பணம் போடுகிறேன் என்கிறார். பி.எஃப். பணத்தையும் எடுத்துவிடலாமா? எதை நம்பி இறங்குவது?
பெயர் வேண்டாம், ராமநாதபுரம்.

பதில்: அன்புச் சகோதரி, அவர் பார்த்த செய்தி உண்மைதான். பிரிட்டனில் 2014இல் தொடங்கிய திட்டம் அது. வருடச் சம்பளத்தில் பாதி வரை, அதிகபட்சம் 25,000 பவுண்டு, வட்டியில்லாமல் கொடுத்து 10 வருஷத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் அப்படியே கிடையாது. மத்திய அரசின் வீட்டு முன்பணம் இருக்கிறது, ராணுவத்தின் குழுக் காப்பீட்டு நிதி தரும் வீட்டுக் கடன் இருக்கிறது. இரண்டுக்கும் வட்டி உண்டு. இரண்டுமே அவருடைய நாளைய சம்பளத்திலிருந்து வருபவை. அதனால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு முன்னால், சம்பளம் இன்னும் எத்தனை வருஷம் வரும் என்று பாருங்கள்.

மத்திய அரசு முன்பணத்தின் 2017 விதிப்படி 34 மாத அடிப்படைச் சம்பளம் வரை கிடைக்கும். உச்சவரம்பு 25 லட்சம். வீட்டின் செலவும், திருப்பிக் கட்டும் சக்தியும் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தத் தொகைதான். அவருடைய அடிப்படைச் சம்பளம் 30,500 என்று வைத்துக்கொள்வோம். 34 மாதத்துக்கு 10,37,000 ரூபாய் வரும். முதலில் அசலை 180 மாதத்துக்குள் பிடிப்பார்கள், அப்புறம் வட்டியை 60 மாதத்துக்குள். தனிவட்டிதான், வட்டிக்கு வட்டி கிடையாது. 2022-23இல் வட்டி 7.1 சதவீதமாக இருந்தது. வெளியில் இப்படிக் கடன் கிடைப்பது அரிது.

ஆனால் 180 மாதம் என்றால் 15 வருஷம். உங்கள் வீட்டுக்காரருக்கு அத்தனை வருஷம் பாக்கி இருக்கிறதா? அவர் 24 வருஷம் வரை இருந்தால் மீதி 156 மாதம், மாதத் தவணை சுமார் 6,650. 17 வருஷத்தில் வந்துவிட்டால் மீதி 72 மாதம்தான், தவணை 14,400. இது அசல் மட்டும். அதே கடன், அதே வீடு, ஆனால் மாதத் தவணை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். 15 வருஷம் முடிந்தால் பென்ஷன் உண்டு என்பதால் பலர் 40 வயதுக்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அப்போது பாக்கி இருந்தால் பணிக்கொடையில் கை வைப்பார்கள். எப்போது வருவதாக நினைக்கிறார் என்று அவரிடம் மனம் விட்டுக் கேளுங்கள். அந்தப் பதில் வராமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

இந்த முன்பணம் முழுச் சர்வீஸுக்கும் ஒரே ஒரு தடவைதான். அதைக் கடற்கரை மனையில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. கிராமப்புறக் கடலோரத்தில் உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் நீர் ஏறும் உச்ச எல்லை) 200 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குப் பொதுவாகத் தடை உண்டு. மக்கள்தொகை நெருக்கமான சில ஊர்களுக்கு மட்டும் மத்திய அரசின் 2019 கடலோர அறிவிக்கை 50 மீட்டராகக் குறைத்தது. புரோக்கர் இதையெல்லாம் சொல்லமாட்டார், காற்று வரும் என்பார். வரைபட அனுமதி கிடைக்காத மனைக்கு முன்பணமும் கிடைக்காது. மனை உங்கள் பேரில், வீடு இல்லாமல் கிடக்கும்.

அனுமதியே கிடைத்தாலும் உப்புக்காற்று விடாது. கடலோரத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். நம் பக்கத்து வீடுகளில் சன்ஷேடுக்கு அடியில் அண்ணாந்து பாருங்கள். பூச்சு உப்பி, தகடாகப் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி பல்லைக் காட்டும். கம்பியை ஒட்டிப் பூசியதும், போர்வெல் உப்புத் தண்ணீரில் கலவை போட்டதும்தான் பெரும்பாலும் காரணம். குடிக்கக் காவிரித் தண்ணீருக்குத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக் காத்திருக்கும் ஊர்களில், கான்கிரீட்டுக்கு நல்ல தண்ணீர் வாங்குவதும் ஒரு செலவு. மேஸ்திரியிடம் அதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

மாமனார் சொல்வதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது, ஒரு நிபந்தனையோடு. இடம் அவர் பேரிலேயே இருக்க, மகன் முன்பணம் வாங்கிக் கட்ட முடியாது. இடம் உங்கள் வீட்டுக்காரர் பேரில் இருக்க வேண்டும், அல்லது உங்கள் இருவர் பேரிலும். இருவர் பேரிலும் என்பதில் நீங்கள் விட்டுக்கொடுக்கவே கூடாது. எல்லையில் நிற்கிறவரின் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஒத்தி வீட்டில் இருந்து குடும்பத்தைத் தாங்குகிறவர் நீங்கள். பத்திரத்தில் உங்கள் பெயர் இருப்பதை யாரும் பேராசை என்று சொல்ல முடியாது.

அந்த இடம் மாமனார் சொந்தமாக வாங்கியதா, பாட்டன் சொத்தா? கூட்டுப் பட்டாவாக இருந்தால் சித்தப்பா, பெரியப்பா, நாத்தனார் எல்லோரும் உட்கார்ந்து பாகப்பிரிவினை செய்து பதிய வேண்டும். சொந்தச் சொத்து என்றால் தான செட்டில்மெண்ட் எழுதலாம். மகனுக்கு எழுதும் பங்குக்குக் கிரயத்தைவிடச் செலவு மிகக் குறைவு, மருமகள் பங்குக்கு எவ்வளவு என்று பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதன்பின் தனிப் பட்டா, வில்லங்கச் சான்று. மனை 2,500 சதுர அடிக்குள் இருந்தால், 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனில் அனுமதி வாங்கும் வசதி 2024 ஜூலையிலிருந்து இருக்கிறது. மாமனார் இடத்தில் 5 சென்ட் எழுதி வாங்கினாலும் 2,178 சதுர அடிதான், அளவு பொருந்தும்.

முன்பணம் மொத்தமாகக் கைக்கு வராது, தவணையாகத்தான் வரும். அடமானம் எழுதியதும் ஒரு பங்கு, பேஸ்மட்டம் எழும்பியதும் மறுபங்கு. தொடக்கச் செலவுக்கு உங்கள் ஒத்திப் பணத்தை நம்ப முடியாது. வீட்டைக் காலி செய்தால்தான் அது திரும்பும், புது வீடு முடியாமல் காலி செய்ய முடியாது. அதைக் கடைசியில் கதவு, ஜன்னல், பெயிண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்மட்டத்தோடு நின்று சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கும் வீடுகளை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு பங்கு தீர்ந்து மறுபங்கு வராத இந்த இடைவெளியில்தான் பலவும் நின்றன.

அந்த இடைவெளிக்கு மட்டும் பி.எஃப். பணத்தைத் தொடலாம். படைவீரர் வருங்கால வைப்பு நிதிக்கு 2020லிருந்து 7.1 சதவீத வட்டி. முழுவதையும் வழித்தெடுக்காதீர்கள். அவர் 37 வயதில் வந்து நின்றால் பெரியவள் எட்டாம் வகுப்பில் இருப்பாள். அவர் வேறு வேலை தேடும் மாதங்களுக்குக் கையில் பணம் வேண்டும்.

கொழுந்தன் பணம் வேண்டாம். மனசு நல்ல மனசுதான். ஆனால் அக்னிவீரருக்கு நான்கு வருஷ வேலை, பி.எஃப். கிடையாது, மாதச் சம்பளத்தில் 30 சதவீதம் சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போய்விடும். கடைசியில் வரும் சுமார் 11.71 லட்சம்தான் அவர் வாழ்க்கையைத் தொடங்கும் முதல். நிரந்தரமாகச் சேர்வோர் 25 சதவீதம் வரைதான். உங்கள் சுவருக்குள் அதைப் பூட்டிவிட்டால், நாளை அவர் கேட்கவும் முடியாது, நீங்கள் கொடுக்கவும் முடியாது.

அடுத்த லீவில் அவர் வரும்போது செட்டில்மெண்ட் பதிவை முடித்துவிடுங்கள். அவர் யூனிட்டுக்குத் திரும்பியதும் அலுவலகத்தில் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள்: எவ்வளவு கிடைக்கும், எந்த மாதத்தோடு பிடித்தம் முடியும், இடையில் அவருக்கு ஏதாவது ஆனால் மீதிக் கடன் என்னவாகும். மூன்றாவது கேள்வியை அவர் கேட்கத் தயங்குவார். நீங்கள் கேட்கச் சொன்னதாகவே சொல்லட்டும்.