முகப்பு பொது, அடுப்பு தனி: ஏபிஐ ஆவணக் கேள்வி-பதில்

ஒரு மென்பொருளோடு மற்ற மென்பொருள்கள் பேசும் வழிதான் ஏபிஐ. அதை விளக்கும் ஆவணத்தைப் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே தலைவலிதான். ஒரே விளக்கத்தை நாலு இடத்தில் ஒட்டி வைப்பது, அப்புறம் ஒன்றைத் திருத்திவிட்டு மூன்றை மறப்பது.

காரைக்குடி வாசகர்: கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் விருந்தினர் தங்குவதற்கு மென்பொருள் செய்கிறோம். அறை, சாப்பாடு, வண்டி என்று மூன்று ஏபிஐ. பிழைச் செய்தி விளக்கத்தை மூன்றிலும் ஒட்டினோம். இன்று மூன்றும் மூன்று விதமாகப் பேசுகின்றன. எங்கே ஆரம்பிப்பது?

நீங்கள் வாடகைக்கு விடும் வீட்டையே ஒருமுறை பாருங்கள். முகப்பும் நடுமுற்றமான வளவும் எல்லோருக்கும் பொது. கல்யாணமான பிள்ளைகளுக்கு ஆளுக்கோர் அறை, தனி அடுப்பு. ஆளுக்கொரு முகப்பு கட்டிக்கொண்டவர் யாருமில்லை.

உங்களுக்கும் அதுதான். ஏபிஐயை விவரிக்கும் பொது வடிவமான ஓப்பன்ஏபிஐ கோப்பில் 'காம்போனன்ட்ஸ்' என்ற பகுதி பொதுச் சாமான்களுக்கென்றே இருக்கிறது: ஸ்கீமா (தரவின் வடிவம்), பதில், அளவுரு (கேட்கும்போது அனுப்பும் மதிப்பு), எடுத்துக்காட்டு எல்லாம் அங்கே வைக்கலாம். அதைத் தனிக் கோப்பாக எடுத்து வைத்து, மூன்று ஏபிஐ கோப்புகளிலிருந்தும் 'அங்கே பார்' என்று சொல்லும் '$ரெஃப்' கொண்டு சுட்டுங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் பிரிக்க உட்காராதீர்கள். பிழைகளை மட்டும் எடுங்கள்: 401 (உள்நுழைவு சரியில்லை), 404 (கிடைக்கவில்லை), 429 (அளவுக்கு மேல் கேட்டுவிட்டீர்கள்). பிழையின் வடிவத்தையும் நீங்களே யோசித்து உருவாக்க வேண்டாம். 2023-இல் வந்த ஆர்எஃப்சி 9457 என்ற இணையத் தரநிலை ஆவணம் அதற்கொரு பொது வடிவம் தருகிறது. வகை, தலைப்பு, நிலை எண், விவரம் என்று நாலைந்து புலங்கள்தான். அது ஓடத் தொடங்கியதும், நீண்ட பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரிக்கும் அளவுருக்களை எடுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். அறைக்கும் 'நிலை' உண்டு, வண்டிக்கும் 'நிலை' உண்டு. இன்று இரண்டிலும் காலி, பதிவானது, மூடியது என்று அதே மூன்று மதிப்புகள். உடனே கை பரபரக்கும், ஒரே ஸ்கீமாவாக்கலாம் என்று. செய்யாதீர்கள். நாளை வண்டிக்கு 'பழுது' வரும், அறைக்கு 'வெள்ளையடிப்பு' வரும். அப்போது வெள்ளையடிக்கும் வண்டி ஒன்று உங்கள் ஆவணத்தில் நிற்கும். ஒன்றை மாற்றினால் மற்றதும் கட்டாயம் மாற வேண்டுமா என்று கேளுங்கள். 'ஆமாம்' என்றால் பொது. இல்லையென்றால், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் தனி அடுப்பு.

தேவகோட்டை வாசகர்: ஸ்கீமாக்களை ஓர் உள் ஃபோல்டருக்கு நகர்த்தினேன். பிரதான கோப்பில் பாதை சரியாக இருக்கிறது; ஆனாலும் 'கோப்பு கிடைக்கவில்லை' என்கிறது.

பிரதான கோப்பில் பிழை இருக்காது. நகர்த்திய கோப்புகளுக்குள் இருக்கும் ரெஃப்களைப் பாருங்கள். ஒரு ரெஃப் எந்தக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறதோ, அந்தக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்துதான் பாதை கணக்காகும். கோப்பு ஒரு படி உள்ளே போனால், அதிலிருந்து நகராத கோப்புகளுக்குப் போகும் பாதைக்கு முன்னால் '../' ஒன்று கூட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். கோப்பின் பாதையை அல்லாமல் ஏபிஐ பாதையின் பெயரையே சுட்ட நேர்ந்தால், பெயருக்குள் இருக்கும் சாய்கோட்டை (/) '~1' என்று எழுத வேண்டும்.

புதுவயல் வாசகி, ஆவணம் எழுதுபவர்: அண்ணே, ரெஃபுக்குப் பக்கத்திலேயே 'டிஸ்கிரிப்ஷன்' (விளக்கம்) எழுதினேன். வெளியான ஆவணத்தில் அது வரவே இல்லை. என் எழுத்தை யார் சாப்பிட்டது?

ஓப்பன்ஏபிஐ பதிப்பு சாப்பிட்டதும்மா. கோப்பின் முதல் வரியைப் பாருங்கள், 3.0 என்று இருக்கும். 3.0-இல் ரெஃபோடு நிற்கும் மற்ற புலங்கள் கணக்கில் வராது. 2021-இல் வந்த 3.1 இதைத் தளர்த்தியது. பதில், அளவுரு போன்றவற்றைச் சுட்டும் இடத்தில் சுருக்கமும் விளக்கமும் சேர்க்கலாம்; 3.1-இன் ஸ்கீமா, தரவு வடிவத்துக்கான பொது விதியான 'ஜேசன் ஸ்கீமா 2020-12'-ஐப் பின்பற்றுவதால் அங்கே மற்ற புலங்களும் செல்லும்.

3.0-ஐ விட முடியாதென்றால், ரெஃபை ஓர் 'ஆல்ஆஃப்' (இவை எல்லாமும் பொருந்த வேண்டும்) பட்டியலுக்குள் தனியாகப் போட்டு, விளக்கத்தை அதற்கு வெளியே எழுதுங்கள். பார்க்க அழகாயிருக்காது, ஆனால் ஸ்கீமா இடங்களில் வேலை செய்யும்.

பள்ளத்தூர் வாசகர்: இருபது கோப்புகளாகப் பிரித்துவிட்டோம். ஆனால் வெளியீட்டுத் தளம் ஒரே கோப்பைத்தான் கேட்கிறது. கையால் சேர்ப்பதா?

வேண்டவே வேண்டாம். ரெடாக்லி போன்ற கருவிகளில் 'பண்டில்' கட்டளை இருக்கிறது. வெளிக்கோப்புகளைத் தேடி உள்ளே கொண்டுவந்து ஒரே கோப்பாக்கும், ரெஃப்களை உள் ரெஃப்களாக மாற்றும். ஒவ்வொரு ரெஃபையும் முழுதாக விரித்து எழுதும் வழியும் உண்டு. அதில் எனக்கு விருப்பமில்லை: கோப்பு வீங்கும், ஒரு ஸ்கீமா தன்னையே சுட்டினால் விரித்து முடியாது.

உள்நுழைவு முறைகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. எந்த முறையில் உள்நுழைய வேண்டும் என்று சொல்லும் 'செக்யூரிட்டி' பகுதி, 3.0, 3.1 பதிப்புகளில் அவற்றைப் பெயரால் அழைக்கிறது, ரெஃபால் அல்ல. அதனால் அந்தப் பெயர் ஒவ்வோர் ஏபிஐயின் பிரதான கோப்பிலும் இருக்கட்டும். உள்ளடக்கத்தை மட்டும் பொதுக் கோப்பிலிருந்து சுட்டுங்கள்.

தனித்தனி ஏபிஐகளையே ஒன்றாக்க வேண்டுமென்றால் அது 'ஜாயின்', வேறு கட்டளை. அங்கே ஒவ்வொரு செயலுக்கும் வைக்கும் பெயரான 'ஆபரேஷன்ஐடி' மோதும். மூன்று கோப்பிலும் 'பட்டியல்' என்றே பெயர் வைத்திருந்தால் அன்றைக்கு உட்கார்ந்து பெயர் மாற்றும் வேலைதான். இப்போதே 'அறைப்பட்டியல்', 'வண்டிப்பட்டியல்' என்று வையுங்கள்.

பண்டில் கட்டி வந்த கோப்பைக் கையால் தொடாதீர்கள். ஒரு வாடிக்கையாளருக்காக அதில் நேரடியாகப் பத்துப் பதினைந்து திருத்தம் செய்தேன், அவசரம். அடுத்த வாரம் யாரோ மறுபடி கட்டளையை ஓட்டினார்கள், அத்தனையும் போச்சு. அன்றிலிருந்து கட்டிய கோப்பை, மாற்றங்களைச் சேமித்து வைக்கும் 'கிட்' கருவியில் சேர்ப்பதே இல்லை. வெளியிடும்போது தானாக உருவாகட்டும்.

இன்னொரு வாசகர்: இந்தக் கோப்புகளை எழுதும் யாமல் வடிவத்திலேயே, எழுதியதை மறுபடி எடுத்தாள 'ஆங்கர்' இருக்கிறதே, ரெஃப் எதற்கு?

ஆங்கர் அந்தக் கோப்புக்குள் மட்டும்தான். அடுத்த கோப்புக்குத் தாண்டாது.

ஆத்தங்குடி வாசகர்: எங்கள் கல் ஆர்டர் ஏபிஐயில் 'கல்' என்ற அடிப்படை ஸ்கீமா, அதில் அளவும் தடிமனும். 'பூக்கல்' அதை ஆல்ஆஃப் மூலம் எடுத்து வண்ணத்தைச் சேர்க்கிறது. வண்ணம் அனுப்பினால் தவறு என்கிறது.

அடிப்படை ஸ்கீமாவில் 'அடிஷனல்ப்ராப்பர்ட்டீஸ்: ஃபால்ஸ்' (கூடுதல் புலம் கூடாது) இருக்கும், பாருங்கள். ஆல்ஆஃப் அப்பா சொத்து பிள்ளைக்கு வருவது மாதிரி அல்ல. பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஸ்கீமாவும் வந்த தரவு முழுவதையும் தனியே சோதிக்கும். 'கல்' வண்ணத்தைப் பார்க்கிறது, தனக்குத் தெரியாத புலம் என்று தள்ளிவிடுகிறது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். 3.1-இல் இருந்தால் 'பூக்கல்'லின் வெளிமட்டத்தில் 'அன்எவால்யுவேட்டட்ப்ராப்பர்ட்டீஸ்: ஃபால்ஸ்' போடலாம், அது எல்லாப் பகுதிகளையும் சேர்த்துப் பார்த்த பிறகே கணக்குப் போடும்.

கோட்டையூர் வாசகர்: பலகாரக் கடை ஏபிஐ. பொதுமக்களுக்கு ஓர் ஆவணம், மொத்த வியாபாரிகளுக்குக் கூடுதல் விலைப் பகுதியோடு இன்னொன்று. இரண்டு கோப்புத் தொகுப்பு வைத்துக்கொள்ளவா?

ஒன்றே போதும். மொத்த வியாபாரி ஆவணத்தை முழுதாக எழுதி, பொதுமக்கள் பதிப்புக்கு 'ஓவர்லே' கோப்பு ஒன்று வையுங்கள். ஓப்பன்ஏபிஐ அமைப்பு 2024-இல் இதன் 1.0 பதிப்பை வெளியிட்டது. எந்த இடம் என்பதை, கோப்புக்குள் இடம் சுட்டும் முறையான ஜேசன்பாத் மூலம் குறித்து, அதை மாற்று அல்லது நீக்கு என்று சொல்லலாம். முதலில் பண்டில் செய்து, அதன்மேல் ஓவர்லேயை ஓட்டுங்கள். விலையின் பாதைகளை நீக்கினாலும், அதன் ஸ்கீமா 'காம்போனன்ட்ஸ்' பகுதியில் அனாதையாகக் கிடக்கும். பொதுமக்கள் கோப்பைத் திறந்து 'மொத்தவிலை' என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.